நா மறந்த சுவை

“சோறு மண்ணாயிருக்கிறது” என்று கணவர் கோப்பையை ஒதுக்கும்போது, இல்லாள் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்கிறாள். குற்றம் அவளதன்று, அவருடையதுமன்று. வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் சுவையரும்புகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஊறுபட்டுள்ளன; உமிழ்நீரிற் கரையாத உணவின் சுவை நாவுக்குப் புலப்படாது.

மிளகாய்த்தூளைக் கூட்டினாற் சுவை பிறக்குமென எண்ணற்க. புண்பட்ட வாய் எரியும். குழையக் காய்ச்சிய கஞ்சியையோ, பச்சைமிளகாயும் தேசிப்புளியும் சேராத பாற்சொதியில் தளரப் பிசைந்த சோற்றையோ ஆறவைத்துக் கொடுங்கள். உண்ணுமுன்னும் பின்னும், ஒரு குவளை இளஞ்சூட்டு நீரிற் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதிற் பாதி உப்பும் கரைத்து வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

“வாய்க்கு இதமாயிருக்கும்” என்று வெற்றிலைத் தட்டத்தை நீட்டும் உறவினரை வாசலிலேயே நிறுத்துங்கள். பாக்கே புற்றுக்கு ஏது. சுவை மீள மாதங்கள் செல்லலாம். உமிழ்நீரோ சிலர்க்கு முழுதும் மீள்வதில்லை. அவர் கையருகே தண்ணீர்க் குவளை எப்போதும் இருக்கட்டும்.