அளந்து பார்த்த பிறகே அட்வான்ஸ்!

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் என்றால், கடைக்காரர் அளவுகோலை எப்படிப் பிடிக்கிறார் என்று கண் கொட்டாமல் பார்க்கிறோம். ஆனால் ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தையும், போதாததற்குக் கழுத்து நகையையும் போட்டு வீடோ மனையோ வாங்கும்போது மட்டும், "அளவு, எல்லை எல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று அடுப்படிக்குள் போய்விடுகிறோம்.

இனிமேல் அப்படி ஒதுங்க முடியாது. எத்தனையோ குடும்பங்களில் சொத்து பெண்கள் பெயரிலேயே பதிவாகிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். கையெழுத்து நம்முடையது என்றால், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் உறவில் ஒரு பெண்மணி பழைய வீடு ஒன்று வாங்கினார். பத்திரத்தில் அகலம் 40 அடி, நீளம் 60 அடி. ஆக 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. வக்கீல் பார்த்தார், வில்லங்கம் எதுவும் இல்லை என்றார். குடிபோய் ஒரு வருஷம் கழித்து மாடி எடுப்பதற்காக அளந்தால், அகலம் 37 அடிதான் இருந்தது! பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடி உள்ளே வந்து நின்றது. மூன்றடிதானே என்று தோன்றும். 60 அடி நீளத்துக்கு அது 180 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,60,000 ரூபாய் ஆச்சே! பக்கத்து வீட்டாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வாங்கும்போதே அந்தச் சுவர் அங்கேதான் இருந்ததாம். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

வக்கீல் சொன்னது பொய்யில்லை. அந்தச் சொத்தின் மேல் பதிவாகியிருக்கும் விற்பனை, அடமானம் போன்றவற்றைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். சுவர் எங்கே நிற்கிறது என்பதை அளந்தால்தான் தெரியும்.

பார்க்க வேண்டிய மூன்று காகிதங்கள்

முதலாவது, கிரயப் பத்திரம். அதன் கடைசியில் வரும் சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். சர்வே எண், நான்கு எல்லை (பழைய பத்திரங்களில் 'செக்குபந்தி' என்றிருக்கும்), நாலு பக்கத்து அளவு எல்லாம் அங்கேதான் இருக்கும். மொத்தச் சதுர அடி மட்டும் போட்டு, பக்க அளவுகள் இல்லாவிட்டால் கேளுங்கள். 30க்கு 80 அடியும் 2,400 சதுர அடிதான், 40க்கு 60 அடியும் 2,400 சதுர அடிதான். ஆனால் இரண்டும் ஒரே மனை ஆகாதே!

இரண்டாவது, பட்டா. இதில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருப்பதால்தான் பலரும் மலைத்துப் போகிறோம். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் '0 - 2.23' என்றிருந்தால் 2.23 ஏர், ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. சென்ட் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர்.

மூன்றாவது, புலப்படம். அந்தச் சர்வே எண்ணுக்கான வரைபடம் இது. உட்பிரிவுகளும் அவற்றின் பக்க அளவுகளும் மீட்டரில் இருக்கும். 3.28ஆல் பெருக்கினால் அடி வந்துவிடும். பட்டாவையும் புலப்படத்தையும் அரசாங்க இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். நகர அளவை முடிந்த ஊர்களில் வார்டு, பிளாக் எண்களும் தேவைப்படும்.

பெரிய சர்வே எண்ணுக்குள் பலருக்குச் சேர்த்துக் கூட்டுப் பட்டா இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். உட்பிரிவு செய்யும்வரை உங்கள் பங்கு இதுதான் என்று புலப்படத்தில் கோடு இருக்காது.

நாமே ஒரு முறை அளக்கலாம்

ஒரு நீள டேப்பும், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் போதும். நாலு பக்கத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு குறுக்களவும் சமமாக வந்தால் மனை சதுரிப்பாக இருக்கிறது. 30க்கு 40 மனை என்றால் குறுக்களவு சரியாக 50 அடி வர வேண்டும். வீடு கட்டி, நடுவில் சுவர் மறித்தால் வெளிப்பக்கங்களையாவது அளந்துவிடுங்கள்.

அளவு கூடுதலாக வந்தாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கூடுதல், தெருவோ வாய்க்கால் புறம்போக்கோ ஆக இருக்கலாம். அதற்கும் சேர்த்து விலை கொடுத்தால், பின்னால் இடிக்க வரும்போது நாம்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

சர்வேயரை வரவழையுங்கள்

நம் அளவில் அரையடி இடித்தால்கூடத் தாலுகா ஆபீஸ் மூலம் அளக்கச் சொல்லிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். மனு உரிமையாளர் பெயரில் போக வேண்டும் என்பதால், விற்பவரையே போடச் சொல்லுங்கள். தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். அளக்கும் அன்று பக்கத்து மனைக்காரர்களும் இருப்பது அவசியம். அவர்கள் கண் முன்னால் கல் நட்டால் பின்னால் வாக்குவாதம் குறையும். அந்த அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

"இதுக்கெல்லாம் யாரு அலையறது?" என்கிறீர்களா? 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் வில்லியம் லாம்ப்டன் இந்திய தேசத்தை அளக்கும் பெரும் வேலையைத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள முதல் கோட்டை மட்டும் அளக்க அவருக்கு 57 நாள் ஆயிற்று. ஆயுசுக்கும் இருக்கப்போகிற வீட்டுக்காக நாம் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கக் கூடாதா?

விற்கிறவர்களுக்கும் இதே புத்திமதிதான். விலை சொல்வதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். குறைவாக இருந்தால் உள்ளதைச் சொல்லி, உள்ள அளவுக்கே விலை பேசி, அதையே பத்திரத்தில் எழுதுங்கள். மறைத்து விற்ற பணம் நிம்மதியாகச் செலவழியாது.

பத்திரமும் பட்டாவும் புலப்படமும் தரையும் ஒரே அளவைச் சொல்லும்வரை பெரிய தொகை கைமாற வேண்டாம். பதிவுக்கு முதல் நாளே வரைவுப் பத்திரத்தை வாங்கி, நீங்கள் எழுதி வைத்த நாலு பக்க அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் திருத்துவது சுலபம். பதிவான பிறகு என்றால், திருத்தல் பத்திரம், செலவு, அலைச்சல் எல்லாம் உண்டு.