வேடிக்கை பார்க்கும் அயனிகள்

சோதனைக் குழாயில் கொஞ்சம் உப்புக் கரைசலை எடுத்து, சில்வர் நைட்ரேட் கரைசலை இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். விட்ட மாத்திரத்தில் தெளிந்த நீர் கலங்கி, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். ‘தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு’ என்று பிளஸ் டூ செய்முறை நோட்டில் எழுதுவார்களே, அதுதான். சமன்பாட்டை இப்படி எழுதுவோம்:

சில்வர் நைட்ரேட் + சோடியம் குளோரைடு → சில்வர் குளோரைடு + சோடியம் நைட்ரேட்

கணக்குப்படி இதில் தப்பில்லை. ஆனால் இதைப் படிப்பவர், குழாய்க்குள் சோடியம் நைட்ரேட் என்று ஒரு புதுப்பொருள் உண்டாகி மிதக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஒன்றும் உண்டாகவில்லை. உப்பு தண்ணீரில் கரைந்தபோதே சோடியமும் குளோரைடும் பிரிந்து தனித்தனி அயனிகளாகிவிட்டன. சில்வர் நைட்ரேட்டும் அப்படியே. கரைசல்களைக் கலந்ததும் சில்வர் அயனியும் குளோரைடு அயனியும் மட்டும் சேர்ந்து திண்மமாக வெளியேறின. சோடியமும் நைட்ரேட்டும் முன்பு எப்படி நீரில் திரிந்தனவோ, அப்படியே இப்போதும் திரிகின்றன. அவற்றுக்குப் பார்வையாளர் அயனிகள் என்று பெயர். அவற்றை நீக்கிவிட்டு எழுதினால் கிடைப்பது நிகர அயனிச் சமன்பாடு:

சில்வர் அயனி + குளோரைடு அயனி → சில்வர் குளோரைடு (திண்மம்)

கரைசலில் உப்பு அயனிகளாகப் பிரிந்தே இருக்கிறது என்பதை 1884-இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்தவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ். உப்சாலா பல்கலைக்கழகம் அந்த ஏட்டுக்கு மிகக் குறைந்த தரமே கொடுத்தது. அதே கொள்கைக்காக 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடையோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ எடுத்துப் பாருங்கள். முழுச் சமன்பாடு ஒவ்வொரு முறையும் மாறும். நிகரச் சமன்பாடு மாறாது. குளோரைடைக் கண்டறியும் சோதனை இந்த பலத்தில்தான் நிற்கிறது. சில்வரை நைட்ரேட் உப்பாகவே எடுப்பதற்கும் காரணம் உண்டு. நைட்ரேட்டுகள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரையும். எந்த உப்போடு சேர்த்தாலும் நைட்ரேட் தானாக ஒரு வீழ்படிவைக் கொடுத்து நம்மைக் குழப்பாது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்பதை அடிப்பது சின்னப் பிள்ளைக்கும் வரும். வகுப்பில் பெரும்பாலும் அந்த அடிக்கும் வேலைக்குத்தான் பயிற்சி கொடுக்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உண்மையான வேதியியல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: எதைப் பிரித்து எழுதுவது, எதை முழுசாக விடுவது?

நீங்கள் குடிக்கிற டீயில் சர்க்கரை கரைந்திருக்கிறது. ஆனால் அயனிகளாகப் பிரியவில்லை. முழு மூலக்கூறாகவே கரைந்திருக்கிறது. ஆக, கரைவது வேறு, பிரிவது வேறு. ஒரு பொருளைப் பிரித்து எழுத வேண்டுமானால் அது நீரில் நன்றாகக் கரையவும் வேண்டும், கரைந்தபின் ஏறக்குறைய முழுவதுமாகப் பிரியவும் வேண்டும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் பொதுவாக இரண்டிலும் தேறும். சில்வர் குளோரைடு முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் கரையும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் தாராளமாகக் கரையும், ஆனால் மிகச் சிறு பங்குதான் பிரியும். அதனால் அதையும் முழுசாகவே எழுத வேண்டும். நீரும் அப்படியே. வாயுவாக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் பிரிக்கக்கூடாது.

இதெல்லாம் காகிதத்துக்கான விதி இல்லை. வெப்பமே இதைக் காட்டிக்கொடுக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தாலும், நைட்ரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தாலும், உண்டாகும் ஒவ்வொரு மோல் நீருக்கும் ஏறக்குறைய 57 கிலோ ஜூல் வெப்பமே வெளிவரும். ஏன் ஒரே அளவு? இரண்டு குடுவையிலும் நடந்தது ஒன்றுதான்: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீரானது. அசிட்டிக் அமிலத்தை எடுத்தால் வெப்பம் சற்றுக் குறையும். அங்கே அமில மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிரித்தெடுக்கும் வேலையும் சேர்ந்து நடக்கிறது. அதனால் நிகரச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் அசிட்டிக் அமிலம் முழுசாக நிற்கும். வலப்பக்கம் அசிட்டேட் அயனியும் நீரும் வரும்.

அடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத வினைகளும் உண்டு. பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரண்டு மின்முனைகளை வைத்து ஒரு பல்பை இணைத்தால் எரியும். நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட விட பல்பு மங்கிக்கொண்டே வந்து அணைந்துவிடும். பேரியமும் சல்பேட்டும் சேர்ந்து கரையாத பேரியம் சல்பேட்டாகிவிட்டன. மீதியிருந்த ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகள் இரண்டும் நீராகிவிட்டன. மின்சாரத்தைச் சுமக்கக் கரைசலில் அயனிகள் மிஞ்சவில்லை. இந்த வினையில் வந்தவர் எல்லாரும் வேலை செய்தவர்களே. எதையாவது அடித்தே ஆகவேண்டும் என்று தேடுகிற மாணவர் இங்கேதான் திணறுவார். இதற்கு நேர்மாறாக, சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் நீரில் கலந்தால் எல்லாமே அடிபட்டுப்போகும். வினையே நடக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

கடைசியாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். செப்புக் கம்பியைச் சில்வர் நைட்ரேட்டில் தொங்கவிட்டால் கம்பிமேல் வெள்ளி ஊசி ஊசியாக வளரும், கரைசல் மெல்ல நீலமாகும். பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்: காப்பர் + சில்வர் அயனி → காப்பர் அயனி + சில்வர். அணுக்கள் சரியாக இருக்கின்றன. மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் +1, வலப்பக்கம் +2. ஒரு காப்பர் அணு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது. ஒரு சில்வர் அயனி ஒன்றைத்தான் வாங்கும். எனவே இரண்டு சில்வர் அயனி, இரண்டு சில்வர் அணு என்று எழுத வேண்டும். அப்போது இரு பக்கமும் +2 ஆகும்.