கேட்டால்தானே சொல்வார்கள்!

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு வரும் பெண்ணிடம் டாக்டர் என்ன கேட்பார்? காயம் ஆறிவிட்டதா, கை வீங்குகிறதா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கண்ணாடி முன்னால் நிற்க முடிகிறதா, கணவரோடு முன்புபோல் இருக்க முடிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அவராகவும் சொல்ல மாட்டார். உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாமா பேசுவது என்று இருந்துவிடுவார்.

வாய்விட்டுச் சொல்லாததை எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவைதான் உடம்பைப் பற்றிய எண்ணத்தை அளக்கும் வினாத்தாள்கள். இங்கிலாந்தின் பெனலோப் ஹாப்வுட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட வினாத்தாளில் பத்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற வேதனை அதிகம் என்று பொருள். இது எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவானது.

2008-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கென்றே 32 கேள்விகளோடு இன்னொன்று வந்தது. தோற்றமும் தாம்பத்தியமும் ஒரு பகுதி. நாலு பேரோடு பழகுவதில் உள்ள தயக்கங்கள் இன்னொரு பகுதி. மூன்றாவது, உடல் வலிமையும் ஆரோக்கியமும். இந்த மூன்றாவதைச் சேர்த்ததுதான் கெட்டிக்காரத்தனம். உடம்பைப் பற்றி ஒரு பெண் மனதில் வைத்திருக்கும் எண்ணம் கண்ணாடியில் தெரிவதோடு முடிந்துவிடுகிறதா என்ன? இந்தக் கையை நம்பிக் குழந்தையைத் தூக்கலாமா என்பதும் அதில் அடக்கம்.

அந்தக் கேள்விக்கு அன்று டாக்டர்கள் சொன்ன பதில், 'பாரம் தூக்காதீர்கள்'. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின் நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம் என்ற பயம். பிலடெல்பியாவில் ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். வாரம் இரண்டு முறை எடைப் பயிற்சி, ஓராண்டு. முதல் 13 வாரம் பயிற்சியாளர் கூடவே இருந்தார். குறைந்த எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். 2009-இல் வந்த முடிவு பலரை வியக்க வைத்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்தவர்களில், பயிற்சி செய்யாதோரில் 29 சதவீதம் பேருக்கு வீக்கம் முற்றியது; செய்தோரில் 14 சதவீதம் பேருக்குத்தான்.

இந்த ஆய்வில் பங்கேற்ற பெண்களிடம் அந்த 32 கேள்விகளையும் கேட்டிருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் மதிப்பெண் 12 சதவீதம் சீரானது. மற்றவர்களுக்கு 2 சதவீதம். இதில் வேடிக்கை, எவ்வளவு வலு கூடியது என்பதை வைத்து இந்த மாற்றத்தை விளக்க முடியவில்லை. என் ஊகம் இது: கண்ணாடிப் பாத்திரமாகப் பொத்திவைக்கப்பட்ட உடம்பை ஒருவர் நம்பி வேலை வாங்கியதே பாதி மருந்து.

துணையை இழந்தவரும் மணமாகாதவரும் தாம்பத்தியக் கேள்விக்கு என்ன எழுதுவார்கள் என்ற சங்கடம் இத்தகைய வினாத்தாள்களில் உண்டு. இருந்தாலும் கேட்காமல் விடுவதைவிட இது மேல்.

சிகிச்சை முடித்தவர்கள் தாங்களாக எடை தூக்கத் தொடங்கிவிட வேண்டாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ, எப்போது, எவ்வளவு தூக்கலாம் என்று கேளுங்கள். கை வீக்கம் இருந்தால் கையில் அணியும் அழுத்த உறை பற்றியும் கேளுங்கள். கூடப் போகும் கணவர்மார்களே, அந்த அறையில் மனைவிக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவரைப் பேச விடுங்கள்.