தூங்கும் குழந்தைக்குச் சண்டை கேட்குமா?

"பாப்பாதான் தூங்கிடுச்சே" என்ற தைரியத்தில்தான் பல வீடுகளில் ராத்திரிச் சண்டை சூடுபிடிக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான 20 குழந்தைகளைத் தூக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கிடத்தி, ஓர் ஆண் குரலைக் காதில் ஒலிக்கவிட்டார்கள். அர்த்தமற்ற வாக்கியங்கள், தொனி மட்டும் மாறும். பெற்றோர் அடிக்கடி மோதும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், கடுங்கோபத் தொனிக்கு ஹைப்போதலாமஸ் உள்ளிட்ட பகுதிகள் கூடுதலாக இயங்கின. 20 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

ஏனென்றால், ஆபத்து என்றதும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்க உத்தரவு கிளம்புவது ஹைப்போதலாமஸிலிருந்துதான். அது அடிக்கடி நடந்தால் பிள்ளை எப்போதும் உஷாராகவே இருக்கப் பழகிவிடும். வீட்டுப்பாடம் கையில் இருக்கும். காது மட்டும் அடுக்களையில் பாத்திரம் வைக்கப்படும் சத்தத்தை எடைபோடும். சில பிள்ளைகள் 'என்னாலதான்' என்று பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்ளும்.

அப்படியானால் சண்டையே கூடாதா? நடக்கிற காரியமா அது! உளவியலாளர் மார்க் கம்மிங்ஸின் ஆய்வுகளில், சண்டை எப்படி முடிகிறது என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. மாதக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசாமல் இருப்பதும் பிள்ளைகளைப் பாதிக்கிறது. சமாதானம் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தாலும், வெளியே வந்தவர்களின் முகத்தையும் பேச்சையும் வைத்தே பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு பதற்றம் தணிகிறார்கள்.