பழைய டீசல் ஜீப்: எஞ்சினை மாற்றுவதா, இருப்பதைத் திருத்துவதா?

மாசி மாதத்தில் கரடியனாற்றுப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் கறுத்தப்பாலத்தைத் தாண்டிவிட்டால், பெரும்போக வேளாண்மை வெட்டும் நாட்களில் ஊரே வயலில்தான் இருக்கும். பிரதான வீதி இன்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் வியாபாரம் நடப்பது வீதியில் அல்ல. வட்டைக்குள்ளே, வாய்க்கால் கட்டை ஒட்டிய சேற்று வழியில். நெல் மூட்டைகளை உழவு இயந்திரம் இழுத்துவிடும். உரம், எண்ணெய், வெட்டு மெஷினுக்கான பெல்ட், ஆட்களுக்கான சோறு, கொள்வனவுக்கான காசு எல்லாம் போவது முதலாளியின் ஜீப்பில். காசு பிந்தினால் நெல் அடுத்த வியாபாரிக்குப் போய்விடும்.

ஏறாவூர் நெல் வியாபாரி ஒருவர் அண்மையில் கேட்டார்: "காக்கா, இஞ்சினெ மாத்துறதா, வண்டியெ வித்துப்போட்டு வேற எடுக்கிறதா?" அவரிடம் இருப்பது லேண்ட் ரோவர் சீரிஸ் 3, டீசல். இதே கேள்வி பழைய பஜெரோ, பெட்ரோல், லேண்ட் குரூஸர் வைத்திருக்கும் பலரிடமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டபோதும் வரிச்சுமை குறையவில்லை. ஆகவே "வேற எடுக்கிறது" சொல்வதற்கு இலகு, செய்வதற்குக் கஷ்டம்.

முதலில் அந்த எஞ்சின் உண்மையில் போய்விட்டதா என்று பாருங்கள். இழுவை குறைந்ததும் "இஞ்சின் முடிஞ்சி" என்று சொல்லும் மெக்கானிக்மார் நம்மிடையே தாராளம். கறுப்புப் புகை என்றால் எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டீசல் பம்ப், இன்ஜெக்டர் பிழைத்திருக்கலாம். அறுவடைத் தூசியில் ஓடும் வண்டிக்கு இது வழமையான நோய். நீலப் புகை வந்து எஞ்சின் ஒயிலும் குறைந்தால் ரிங், சிலிண்டர் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் சந்தேகம் வலுக்கிறது. எதற்கும் நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் பரிசோதனை செய்து, அளவைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது கணக்கு. டீசல் மிச்சமாகும் என்பதே மாற்றுவதற்குப் பலரும் சொல்லும் காரணம். பழைய எஞ்சின் லீட்டருக்கு 8 கி.மீ., மாற்றியது 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடினால் 300 லீட்டர் மிச்சம். 2021 இறுதியில் டீசல் 121 ரூபாவாக இருந்தபோது அதன் பெறுமதி 36,300 ரூபா. 2022 ஜூனில் 460 ரூபாவுக்கு ஏறியபோது அதே மிச்சம் 138,000 ரூபா. விலை ஏறும்போது இக்கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் வட்டைக்கு மாத்திரம் போகும் வண்டி வருடத்தில் 4,000 கி.மீ. ஓடினாலே பெரிய காரியம். அதற்கு மிச்சம் 100 லீட்டர்தான். இந்த மிச்சத்தை நம்பி லட்சக்கணக்கில் கொட்டுவது வியாபாரிக்கு அழகல்ல. குறைவாக ஓடும் வண்டிக்கு எஞ்சின் மாற்ற ஒரே நியாயம், வெட்டு நாளில் நின்றுவிடக்கூடாது என்பது. சென்ற இரண்டு போகங்களில் எத்தனை நாள் நின்றது, அதனால் எத்தனை மூட்டை கைமாறியது என்று உங்கள் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். விடை அங்கே இருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எதை எடுப்பது? சீரிஸ் 3 இன் 2,286 சீசீ டீசல் எஞ்சினின் வலு சுமார் 62 குதிரைவலுதான். அதனால் இசுசு 4ஜேபி1, நிசான் டீடி27, டொயோட்டா 2எல், 3எல் போன்ற ஜப்பான் எஞ்சின்களை நம்மவர்கள் நாடுகிறார்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் இவற்றின் உதிரிப்பாகங்கள் கிடைக்கும் என்பது பெரிய வசதி. 4ஜேபி1 நேரடியாக டீசல் பீச்சும் வகை என்பதால் எரிபொருள் சிக்கனம் கூடியது. கம்ப்யூட்டரில் இயங்கும் புதிய வகை எஞ்சின் இதைவிட வலுவானதுதான். ஆனால் மார்கழி வெள்ளத்தில் வயர் நனைந்தால் அதைப் பார்ப்பதற்கு ஊர்க் கராஜில் கருவி இருக்காது. இயந்திரப் பம்ப் உள்ள எஞ்சினே நம் வட்டைக்குப் பொருத்தம் என்பது எனது அபிப்பிராயம்.

எஞ்சினின் விலையோடு செலவு முடிவதில்லை. மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டும். கியர்பெட்டியோடு இணைக்கும் தட்டு, ரேடியேட்டர், சைலன்சர்க் குழாய் எல்லாம் மாறும். சில ஜப்பான் எஞ்சின்களின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட். உங்கள் வண்டி 12 வோல்ட். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப் தேவை. ஜப்பான் எஞ்சின்கள் பலவற்றில் அது டைனமோவின் பின்னால் இருக்கும். டைனமோ இல்லாமல் எஞ்சினை மலிவாக வாங்கிக் கிடைத்த ஒன்றைப் பூட்டியவருக்கு, பிரேக்கை மிதிக்கும்போதுதான் விசயம் விளங்கும். வலுக் கூடிய எஞ்சினைப் பூட்டினால் சீரிஸ் வண்டியின் கியர்பெட்டியும் பின் ஆக்சில் ஷாஃப்டும் தாங்குமா என்றும் கேளுங்கள். சேஸி உக்கிப்போயிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திப் பதிய வேண்டும். எஞ்சின் வாங்கியதற்கான பற்றுச்சீட்டும் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் இல்லாமல் பதியப் போனால் அலைச்சல்தான். வண்டி லீசிங்கிலோ இஜாராவிலோ இருந்தால், நிதி நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் பெறுங்கள். காப்புறுதிக்கும் அறிவியுங்கள், விபத்து நடந்தபின் இலக்கம் ஒத்துவராவிட்டால் தகராறு நிச்சயம். 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும் என்பதால், கராஜுக்கு இறுதிக் காசைக் கொடுக்குமுன் அந்தப் பரிசோதனையை முடித்துவிடுவது புத்தி.

ஏறாவூர் வியாபாரியின் வண்டியில் கம்ப்ரெஷன் மூன்று சிலிண்டர்களில் சரி, ஒன்றில் குறைவு. சேஸி நல்ல நிலையில் இருக்கிறது. வருடத்தில் ஓடுவதோ ஐயாயிரம் கி.மீ. கூட இல்லை. பம்பையும் இன்ஜெக்டரையும் சரிபார்த்து இந்த வெட்டை ஒப்பேற்றிவிட்டு, பங்குனிக்குப் பிறகு தலையைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். வால்வோடு வேலை முடிந்தால் எஞ்சின் மாற்றுவதில்லை. சிலிண்டரில் பிழை இருந்தால் போர் அடித்துப் புது பிஸ்டன் போடும் செலவையும் 4ஜேபி1 பூட்டும் முழுச் செலவையும் இரண்டு கராஜ்களில் எழுத்தில் கேட்கப்போகிறார்.