ஒரே பேர்... எத்தனை பேர்?

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் கார்த்திக் என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? "கார்த்திக், எழுந்து நில்" என்றால் போதும், எண்ணிவிடலாம். பெயர்கள் எல்லாம் கணினியில், நாலைந்து எக்செல் தாள்களில் சிதறிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

நான் பணியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு விழாவில், அதிகப் போட்டிகளில் கலந்துகொண்டவருக்கு ஒரு கோப்பை என்று அறிவித்திருந்தோம். விளையாட்டு, பேச்சு, ஓவியம் என்று மூன்று தாள்கள். ஒவ்வொன்றையும் ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்தார். ஒரே பெயர் பல வரிகளில் வரும்.

எங்கள் காலத்தில் இதற்கு நேர்க்கோட்டுக் குறிதான். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஆக ஐந்து! கணினியில் 'கவுன்ட் இஃப்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு பெயரைக் கொடுத்தால், அது ஒரு தாளில் எத்தனை முறை வருகிறது என்று நொடியில் சொல்லும். மூன்று தாளுக்கும் தனித்தனியாக எழுதி, நடுவே கூட்டல் குறி போட்டால் மொத்தம் வந்துவிடும்.

வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 7. கோப்பையைக் கொடுத்தோம், கைதட்டினோம்.

மறுநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். பெயர் சரண்யா என்று வைத்துக்கொள்ளுங்களேன். "டீச்சர், நான் எட்டுப் போட்டியில கலந்துக்கிட்டேனே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தாள்களிலும் இருந்த பெயர்களை ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, அகரவரிசைப்படுத்தினோம். குட்டு வெளிப்பட்டது! 'சரண்யா' 5 முறை. இரண்டு சுழி 'ன' போட்ட 'சரன்யா' 2 முறை. இன்னொரு இடத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால், பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கணினிக்கு அது வேறு பெயர். ஒருத்தியை மூன்று பேராக்கிவிட்டது!

அந்தப் பையன் கதை நேர் எதிர். 'ஏ' பிரிவில் ஒருவன், 'பி' பிரிவில் ஒருவன். ஒரே பெயர், ஒரே இனிஷியல். 4-ஐயும் 3-ஐயும் கூட்டி 7 ஆக்கிவிட்டது. கணினி எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

அடுத்த ஆண்டிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் சேர்க்கை எண்ணையும் எழுதி, அந்த எண்ணைத்தான் எண்ணினோம். இப்போது தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 'எமிஸ்' எண் இருக்கிறது அல்லவா? அதுவும் இப்படித்தான், உங்கள் எண் இன்னொருவருக்கு வராது.

சரி, கோப்பை? சின்னப் பையனிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்க மனம் வரவில்லை. தப்பு எங்களுடையதுதானே! ஆசிரியர்கள் நாங்களே பணம் போட்டு இன்னொரு கோப்பை வாங்கினோம். திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் அதை அவளிடம் கொடுத்தோம்.

பெயர் பொறிக்கும்போது கடைக்காரரிடம், "மூன்று சுழி 'ண' ஐயா" என்று நான் இரண்டு முறை சொன்னேன்.