டவர் கிடைக்கும் வரை நில்லுங்கண்ணா

கைக்குள் ஒரு மைதானம் – 11

கடந்த வாரம் பப்ஜியின் கதையைப் பார்த்தோம். 2020 செப்டம்பரில் தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்திய வடிவம், 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கம், 2023 மே மாதத்தில் மறுபடி வருகை. இத்தனை இழுபறிக்குப் பிறகும் பிள்ளைகள் அந்த ஆட்டத்தை விடவில்லை. காரணம் துப்பாக்கியோ படத்தின் பளபளப்போ அல்ல. அவர்களுடைய நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஓடுவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். அப்படிச் சேர்ந்து ஓட ஆசை இருந்தும் பின்தங்கிப்போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச, இந்த வாரம் சேர்வராயன் மலைக்குப் போவோம்.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். சேலம் கண்ணில் படுகிற வளைவில் ஃபோன் உற்சாகமாகச் சிணுங்கும். அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஊர்ச் சந்தையையும் ஏரியையும் தாண்டி நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை பக்கம் போனால், எந்தப் பாறைமேல் ஏறினால் டவர் எடுக்கும், எந்தத் திருப்பத்தில் நின்றால் வீடியோ ஓடும் என்பது அங்குள்ள பையன்களுக்கு மனப்பாடம்.

சாயங்காலம் சாலையோரத் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் இயர்போன் மைக்கை உதட்டோரம் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான்: “அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணா, டவர் எடுக்கல.” மறுமுனையில் சேலத்தில் காலேஜ் படிக்கும் அவனுடைய பெரியப்பா மகன். “டேய், சோன் வந்துருச்சுடா, ஓடி வா!” ஓடத்தான் பார்க்கிறான். திரையில் அவனுடைய ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அப்புறம் திடீரென்று இருபதடி தள்ளி, தரையில் விழுந்து கிடக்கிறான்.

ஒரு தோட்டா போகும் வழி

பிஜிஎம்ஐயில் 100 பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். நால்வர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். பிள்ளைகள் ‘சோன்’ என்று சொல்லும் பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும்; வெளியே மாட்டிக்கொண்டவனுக்கு உயிர் குறையும். மற்றவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது அந்த ஆட்டத்தில் விருப்பம் அல்ல, விதி.

இப்போது நம் பையன் எதிரியைப் பார்த்துச் சுடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விரல் திரையைத் தொட்டதும் அந்தச் செய்தி ரேடியோ அலையாகக் கிளம்பி மலைமேல் உள்ள டவருக்குப் போகிறது. அங்கிருந்து சமவெளிக்கு இறங்கி, கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடி, தொலைதூர நகரத்தில் இருக்கும் சர்வரைத் தொடுகிறது. ‘பட்டதா, படவில்லையா’ என்ற பதில் அதே வழியில் திரும்புகிறது. போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். திரையின் ஓரத்தில் சின்ன எண்ணாக அது ஓடிக்கொண்டே இருக்கும். குறைவாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், எல்லை மீறினால் சிவப்பு.

கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலால் அழுத்த மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். ஒரு நொடியில் கால் பங்கு. பிங் 200 என்று காட்டினால், மலைமேல் இருக்கும் பையன் எவ்வளவு சுறுசுறுப்பானவனாக இருந்தாலும் இன்னொரு மடங்கு நேரத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிறான் என்று பொருள். பயிற்சி எடுத்து அதைக் குறைக்க முடியாது.

இந்தத் தாமதத்தோடு விளையாட்டு நிரலாளர்கள் பல காலமாகப் போராடுகிறார்கள். 1996இல் ஜான் கார்மாக் ‘குவேக்வேர்ல்ட்’ ஆட்டத்தில் ஒரு வழி கண்டார்: சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், உங்கள் கணினியே உங்கள் ஆளை முன்னால் நகர்த்திவிடும், பதில் வந்தபின் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம் பெரிதாகிவிட்டால்தான் ஆள் இருபதடி தாவுகிறான். 2001இல் வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் இன்னொரு முறையை விரிவாக எழுதினார்: நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ, அந்த இடத்துக்குச் சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சுட்டவனுக்கு இது நியாயம். சுடப்பட்டவனோ, “சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன், அப்பவும் அடிச்சுட்டான், ஹேக்கர்!” என்று கத்துகிறான். பல நேரம் அவன் ஹேக்கர் அல்ல. இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு கணங்களில் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மும்பை பக்கம், மலை தூரம்

சர்வர் எங்கோ தூரத்தில் இருப்பதால்தான் இந்தத் தாமதம், அதாவது ‘லேக்’ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் மும்பையில் என்றால், ஏற்காட்டில் இருந்து நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட். சிங்கப்பூரில் என்றால் சுமார் 3,000 கிலோமீட்டர். சென்னையில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் அந்த வழியைத் திறந்துவைத்திருக்கின்றன. அதற்கும் குறைந்தபட்சம் 30 மில்லி செகண்ட்தான். கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் பல கருவிகளில் நின்று போகும் என்பதால் உண்மையில் இதைவிடக் கூடும். அப்படியும் சேலத்தில் நல்ல ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவன் நிம்மதியாக விளையாடலாம்.

மலைமேல் இருப்பவனை வீழ்த்துவது அந்த ஆயிரம் கிலோமீட்டர் அல்ல. கடைசிச் சில கிலோமீட்டர். ஃபோன் அலை பெரும்பாலும் நேர்ப்பார்வையை நம்பிப் போவது. நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் நிழல் விழும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். அந்தக் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக்கொடியும் மழையில் நனைந்து நிற்கும்போது அலையை இன்னும் கொஞ்சம் விழுங்கும். சிக்னல் பலவீனமானால் தொலைந்த தகவலை ஃபோன் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு முறையும் தாமதம் சேரும். கண்ணாடி இழை எட்டாத டவர்கள் இன்னொரு டவரோடு மைக்ரோவேவ் அலையில் பேசுகின்றன; கனமழை அந்தப் பேச்சையும் கெடுக்கும். சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா என்று சுற்றுலாக் கூட்டம் ஏறினால், ஊர்க்காரர்களுக்குப் போதுமானதாக இருந்த அதே டவரை ஆயிரக்கணக்கான ஃபோன்கள் பங்குபோடும்.

‘விளையாட்டுக்குத்தானே’ என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழ்நாட்டு மலைக் கிராமங்களின் பிள்ளைகள் பாடம் கேட்கவும் இதே பாறைகளைத்தான் தேடி ஏறினார்கள். ஆட்டத்தில் உறைந்து நிற்கும் ஆளும், வகுப்பில் உறைந்து நின்ற ஆசிரியர் முகமும் ஒரே குறையின் இரண்டு அடையாளங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் குக்கிராமத்து வீடுவரை வர வேண்டும். மலைப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நியாயம் அது.

எல்லோரும் காத்திருந்த ஆட்டம்

பின்தங்குபவனை விட்டுவிட்டு ஓடுவதுதான் ஆன்லைன் ஆட்டத்தின் இயல்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வேறு விதமாகக் கட்டப்பட்டது. டயல்-அப் மோடம் கீச்சிட்ட காலம். ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தை அந்த மெல்லிய இணைப்பில் அனுப்ப முடியாது. அதனால் ஆட்டக்காரர்களின் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் போட்டன. நேரம் சிறு சிறு முறைகளாக வெட்டப்பட்டது. சாதாரணமாக ஒரு முறை 200 மில்லி செகண்ட். ஒருவருடைய கணினியோ இணைப்போ மெதுவாக இருந்தால் அந்த முறை நீளும். எல்லோரும் அவருடைய வேகத்துக்கு இறங்கி வருவார்கள்.

அதை உருவாக்கிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் பின்னாளில் எழுதிய கட்டுரையில் ஓர் அருமையான கண்டுபிடிப்பு இருக்கிறது. கட்டளைக்கும் செயலுக்கும் இடையில் கால் நொடி தாமதம் இருந்தால் ஆட்டக்காரர்கள் கவனிக்கவே இல்லை. அரை நொடி வரைகூடச் சமாளித்தார்கள். அவர்களால் தாங்க முடியாதது ஒன்றுதான்: ஒரு கணம் வேகம், மறுகணம் இழுவை. சீரான மெதுவுக்கு மனித மனம் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நிலையில்லாத வேகம்தான் அதை நிலைகுலையச் செய்கிறது. மலையில் விளையாடுபவனுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. ஒரு நொடி 40, மறுநொடி 400 என்று குதிக்கும் இடத்தைவிட, நிலையாக 120 காட்டும் இடமே மேல்.

ரேங்க் என்னும் ஏணி

இணைப்பு சரியாகிவிட்டாலும் இன்னொரு இடைவெளி காத்திருக்கிறது. பிஜிஎம்ஐயில் பிரோன்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், கிரவுன், ஏஸ் என்று படிகள், உச்சியில் கான்கரர். அந்த உச்சி ஒரு சர்வரின் முதல் 500 பேருக்கு மட்டும். சீசன் முடிந்ததும் எல்லோரையும் சில படிகள் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார்கள். அதனால்தான் பிள்ளைகள் ‘ரேங்க் புஷ்’ என்று ராத்திரி கண்விழிக்கிறார்கள். நண்பன் ஏஸ் போய்விட்டான், நான் கோல்டில் கிடக்கிறேன் என்ற பதற்றம், விளையாட்டில் இருந்த சந்தோஷத்தையே தின்றுவிடுகிறது. அந்தப் பதற்றத்தில்தான் அப்பாவின் யுபிஐயில் யூசி என்னும் ஆட்டப் பணம் வாங்குவதும் நடக்கிறது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்: யூசி கொடுத்து வாங்குவது பெரும்பாலும் உடையும் துப்பாக்கி அலங்காரமும்தான். அது பிங்கைக் குறைக்காது. குறி பார்க்கும் திறனையும் தராது.

ரேங்க் என்பது அவமானச் சீட்டு அல்ல. அதன் மூலம் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ வகுத்த புள்ளிமுறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. இருவருக்கும் 200 புள்ளி இடைவெளி என்றால், மேலே இருப்பவர் நாலு ஆட்டத்தில் சுமார் மூன்று புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். சமமானவர்களை எதிரெதிரே உட்கார வைப்பதுதான் அதனால் கிடைத்த பெரிய பயன். யாரையும் தாழ்த்துவதற்காக அது பிறக்கவில்லை.

சமமில்லாத நண்பர்களைச் சேர்த்து ஆடவைக்கவும் வழி இருக்கிறது. 2004இல் வந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ ஆட்டத்தில், முன்னேறிய ஒருவர் புதியவரைத் தன் துணையாக ஏற்றுக்கொண்டால், அந்தப் புதியவரின் பலம் அவர் அருகில் இருக்கும் வரை உயர்த்தப்படும். 2012இல் ‘கில்ட் வார்ஸ் 2’ இதைத் திருப்பிப் போட்டது: தொடக்கநிலைப் பகுதிக்கு வரும் மூத்த ஆட்டக்காரரின் பலம் அந்தப் பகுதிக்கு ஏற்ப இறங்கும். நண்பர்கள் பிரியாமல் இருப்பதற்கென்றே யோசித்து உழைத்த மனிதர்கள் இந்தத் துறையில் இருந்திருக்கிறார்கள். இடைவெளியை வளர்த்துக் காசாக்குவதும் குறைத்துச் சேர்த்துவைப்பதும் ஆட்டத்தை உருவாக்குபவர் எடுக்கும் முடிவு.

ஸ்குவாட் செய்ய வேண்டியது

மலைமேல் இருக்கும் தம்பிக்குச் சில யோசனைகள். கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வை. பின்னணியில் ஓடும் டவுன்லோடுகளை நிறுத்து. பிங் குறைவான இடத்தைவிட நிலையான இடத்தைத் தேடு. ஆட்டம் தொடங்கியபின் இடம் மாறாதே. நேருக்கு நேர் சண்டையை மற்றவர்களுக்கு விடு. வண்டி ஓட்டு, எதிரி இருக்கும் திசையைச் சொல், ஸ்மோக் போடு, விழுந்தவனை ரிவைவ் செய். இவையெல்லாம் கால் நொடித் தாமதத்தைத் தாங்கும் வேலைகள். ஸ்குவாட்டைக் கரைசேர்ப்பதும் இவைதான்.

நெட் இழுக்கிற நாளில் சதுரங்கம் ஆடு. லிச்செஸ் தளத்தில் இணைப்புத் தாமதத்தை ஓரளவுக்குக் கடிகாரத்தில் ஈடுசெய்கிறார்கள். 2022 பிப்ரவரியில் சென்னையின் பிரக்ஞானந்தா, 16 வயதில், ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியில் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். யோசிக்க நேரம் தரும் ஆட்டத்தில் மலைக்கும் சமவெளிக்கும் இடைவெளி குறைவு.

கீழே இருக்கும் அண்ணன்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தம்பி சேரும் நாளில் ரேங்க் புஷ் வேண்டாம். அவன் உள்ளே வந்தபின் ஆட்டத்தைத் தொடங்குங்கள். அவன் விழுந்தால் சிரிக்காமல் திரும்பிப் போய்த் தூக்குங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கணினி கட்டாயப்படுத்திச் செய்ததை நீங்கள் மனமுவந்து செய்யலாம்.

பெற்றோருக்கு: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடுதான் பிஜிஎம்ஐ 2023இல் திரும்பி வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைசெய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ‘எவ்வளவு நேரம் ஆடினாய்?’ என்று கேட்பதோடு, ‘யாரோடு ஆடினாய்? யாராவது பின்தங்கினால் நிற்கிறீர்களா?’ என்றும் கேளுங்கள். நிற்கிறோம் என்று பிள்ளை சொன்னால், அந்தக் கூட்டத்தை நம்பலாம். நிற்பதில்லை என்றால், உட்கார்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மைக்கைத் திறந்தால் வரும் வசவுகள், ஆன்லைன் ஆட்டங்களில் பெண் பிள்ளைகள் ஏன் குரலை மறைக்கிறார்கள்?